கோழியாளத்துக்காரர்

கருங்குழி என்றாலே, "வள்ளலார் தங்கின ஊரா?" என்பார்கள். அது வடலூர் பக்கம். எங்கள் கருங்குழி மதுராந்தகத்தை ஒட்டியது. இந்த மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில்தான் இரட்டைமலை சீனிவாசன் பிறந்தார்.

எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு அம்பேத்கரை நன்றாகவே தெரியும். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரோடு நம் பிரதிநிதியாக உட்கார்ந்தவர் இந்த ஊர்க்காரர் என்றால்தான் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நாங்கள் அடிக்கடி பேசுவது 1893 பற்றி. எந்தப் பெயரைச் சொல்லி நம்மை இழிவுபடுத்தினார்களோ, அந்தப் 'பறையன்' என்பதையே தன் பத்திரிகைக்குத் தலைப்பாக வைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் உறவில் அவருக்கு மைத்துனர். அவருக்கு இதில் உடன்பாடில்லை. பெயரை உதறுவதா, நிமிர்ந்து நின்று சொல்வதா? நம் கூட்டங்களில் இன்றைக்கும் ஓடுகிற சண்டைதான் இது. எங்களுக்குச் சீனிவாசன் பக்கம்தான் சாய்வு. ஆனால் பண்டிதரைப் படிக்காமல் அந்த முடிவுக்கு வராதீர்கள்.

அம்பேத்கரோடும் அவர் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. 1935இல் அம்பேத்கர் இந்து மதத்தை விட்டு வெளியேறுவோம் என்று அறிவித்தபோது, நாம்தான் அதற்குள்ளேயே இல்லையே, எங்கிருந்து வெளியேறுவது என்பது இவர் நிலை. தலைவர்கள் என்றால் ஒரே குரலில் பேசியிருப்பார்கள் என்று நினைக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் நீண்ட காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர், 1923இல் சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினரானார். பொதுத் தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாம் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார்; அரசாணையும் வந்தது.

நாங்கள் வேலை செய்யும் ஒரு கிராமத்தில், இறந்துபோன ஒரு பாட்டியின் உடலை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்று மறித்தார்கள். ஆணையின் நகலை நீட்டினோம். வந்திருந்த அதிகாரி, "இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து காகிதம்பா, சுத்தி போயிடுங்க, எதுக்கு வம்பு" என்றார். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சொன்ன பிறகுதான் போலீசுக்குப் போன் போட்டார். பாட்டி தெரு வழியாகத்தான் போனார். மறித்தவர்கள் மேல் வழக்குப் பதிவாகவில்லை. மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த வாரம் செங்கல்பட்டில் கலெக்டரைப் பார்க்கப் போகிறோம். பஞ்சமி நிலம் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த அதே செங்கல்பட்டுதான். வரக்கூடியவர்கள் வாருங்கள். ஆணை நகல் எங்களிடம் நிறைய இருக்கிறது.