கோடியக்கரை மேட்டில்

"காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்ற வார்த்தைகளை இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறோம். அவற்றின் பொருளை அறிய வேதாரண்யம் வரை போக வேண்டியிருந்தது!

நாகப்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே வரும் சோழமண்டலக் கரை, கோடியக்கரையில் சடக்கென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனையில் மலையுமில்லை, குன்றுமில்லை. இருப்பதற்குள் உயர்ந்த இடம் இராமர் பாதம் என்னும் மணல்மேடு. உயரம் சுமார் 4 மீட்டர். எங்கள் பள்ளிக்கூடத்து மாடி இதைவிட உயரம்! ஏறிப் பார்த்தோம். ஒருபுறம் காடு, மறுபுறம் சதுப்பு, அப்பால் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். 1930-ஆம் வருஷம் ராஜாஜி தொண்டர்களோடு நடந்து வந்து உப்பெடுத்த பூமி. கடல் நீர் தவழ்ந்து வந்து தேங்கி வற்றும் பள்ளத் தரையாதலால் இங்கே உப்பு விளைகிறது. புயலுக்குக் கதவைத் திறந்து விடுவதும் அதே பள்ளந்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் வெதுவெதுப்பாக இருக்கும். ஈரக் காற்று மேலெழும்பி, நீராவி குளிர்ந்து மேகமாகும்போது தன் உஷ்ணத்தை விட்டுவிடுகிறது. அந்த உஷ்ணம் காற்றை மேலும் எழுப்ப, கீழே அழுத்தம் குறைகிறது. நாலா பக்கத்துக் காற்றும் அங்கே விரைகிறது. பூமி சுழல்வதால் நேரே போய்ச் சேராமல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. மேற்கே நகரும் புயல் முதலில் வடக்கேயிருந்து அடிக்கும். நடுக்கண் கடந்தபின் தெற்கேயிருந்து அடிக்கும்.

இதற்கு நாம் அம்புக்குறி போட்டுக் காட்டுவதோடு சரி. திரும்பும் வழியில், நாகைச் சாலையோரத் தென்னந்தோப்பு ஒன்றில், ஒரு பெரியவர் தரையைக் கொண்டே காட்டிவிட்டார். நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே 'கஜா' கரையேறிய 2018 நவம்பர் 16 அதிகாலையைத்தான் சொன்னார்.

"முதல் காற்றில் விழுந்த மரமெல்லாம் தெற்கே தலை வைத்துக் கிடந்ததுங்க. அப்புறம் இலைகூட அசையவில்லை. விட்டுவிட்டதென்று வீட்டில் விளக்கேற்றினார்கள். பிறகு தெற்கேயிருந்து வந்தது பாருங்கள்! மிச்சமிருந்ததெல்லாம் வடக்கே சாய்ந்தது. அப்பா வைத்த மரங்கள், வாத்தியாரையா."

மறுவருஷம் நட்ட கன்றுகளில் இரண்டு இப்போதுதான் பாளை விட்டிருந்தன. அவற்றைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அந்தமான் பக்கம் ஏதோ தாழ்வு என்று ரேடியோவில் சொன்னானே, இங்கே வருமா?"

இருபது வருஷத்துப் பாடமும் தொண்டையில் நின்றுவிட்டது. "இரண்டு நாள் போனால்தான் தெரியும், பெரியவரே" என்றோம்.

அவர் தலையாட்டிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு கனத்த மட்டைகளைக் கழிக்கப் போனார்.