தவில்காரர் பேரன்

போன பொங்கல் விழாவுக்கு நம்ம காலேஜ் மெயின் கேட்டுல இருந்து ஆடிட்டோரியம் வரைக்கும் நையாண்டி மேளத்தோட ஊர்வலம் போனோமே, ஞாபகம் இருக்கா? வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நீங்க போட்ட ஆட்டமெல்லாம் இன்னும் ரீல்ஸ்ல சுத்திக்கிட்டு இருக்கு. அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்க. ரெண்டு தவில்காரர்ல இடது பக்கம், தலை நரைச்சு ஒல்லியா ஒருத்தர் நிப்பார். அவர் என் தாத்தா.

இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல.

எங்களுக்குத் திருமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம். தாத்தாவோட அப்பா தவில், பெரியப்பா நாதஸ்வரம். ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், பம்பை, தாளம், இதுதான் ஒரு 'செட்'. பங்குனி, சித்திரை வந்துட்டா தாத்தா வீட்டுல தங்கவே மாட்டார். வெத்தலை பாக்கு வெச்சு அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போவாங்க. ராத்திரி முழுக்கக் கரகாட்டத்துக்கு வாசிச்சுட்டு, காலையில முதல் பஸ்ஸுல வந்து இறங்குவார். நோட்டு, புத்தகம் எதுவும் கிடையாது. மடியில உக்கார வெச்சு, தொடையில தட்டித் தட்டித்தான் அவருக்கு அவங்கப்பா சொல்லிக் கொடுத்தாராம்.

மதுரைக்கு இது புதுசு இல்ல. 1968-ல வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்துல சிவாஜி வாசிக்கிறதா நாம பாக்குற நாதஸ்வரம், நிஜத்துல மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களோடது. அவங்க தாத்தா மதுரை பொன்னுசாமிப் பிள்ளையும் பெரிய நாதஸ்வர வித்வான். இதைச் சொன்னா எங்க தாத்தா சிரிப்பார். "அது பெரிய மேளம் ராசா, உக்காந்து வாசிக்கிறது. நம்மது நின்னு, நடந்து, ஆடிக்கிட்டே வாசிக்கிறது."

அப்பாவும் கத்துக்கிட்டவர்தான். ஒன்பதாவது படிக்கும்போது ஒரு கல்யாண வீட்டுல, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மேளக்காரங்களுக்கு மட்டும் கொல்லைப்பக்கம் இலை போட்டிருக்காங்க. அன்னைக்குக் கழியைக் கீழ வெச்சவர் திரும்ப எடுக்கல. கப்பலூர் சிட்கோவுல லேத் வேலைக்குப் போயிட்டார். என்னைத் தவில் பக்கமே விட்டதில்ல. "நீ மெக்கானிக்கல் படி, போதும்."

ஊர்வலத்துக்கு வர்ற செட்டு எதுன்னு எனக்குத் தெரியாது. கேட்டுப் பக்கம் வந்த பிறகுதான் பார்த்தேன். உடனே பைக் ஸ்டாண்டு பக்கம் நகந்துட்டேன். "மச்சி, வாடா"ன்னு ஒருத்தன் இழுத்துட்டு வந்து முன்னாடி விட்டான். "பெருசு, ஒரு குத்து போடு!"ன்னு யாரோ கத்தினாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். தாத்தா என்னைப் பார்த்துட்டார். பார்த்தது ஒரு செகண்டுதான். அப்புறம் தவிலைக் குனிஞ்சு பாத்துக்கிட்டே வாசிச்சார். எனக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னு என்னைத் தெரியாதவர் மாதிரி இருந்தார்.

ராத்திரி வீட்டுல, "சாப்டியா ராசா?" அவ்வளவுதான் கேட்டார்.

அடுத்த சில வாரம் காலேஜ் பஸ்ஸுல பாட்டுக் கேக்கவே பிடிக்கல. அப்படி ஒரு நாள் யூடியூப் தானா ஓடி எங்கேயோ போய் நின்னுச்சு. அமெரிக்காவுல லூசியானா, அங்க பிரெஞ்சு பேசுற கறுப்பின கிரியோல் மக்களோட 'சைடிகோ' இசை. கிளிஃப்டன் செனியர் அக்கார்டியன் வாசிக்கிறார். பக்கத்துல அவர் அண்ணன் கிளீவ்லண்ட், நெளிநெளியான தகரத்தைச் சட்டை மாதிரி மார்புல மாட்டிக்கிட்டுச் சுரண்டுறார்! துணி துவைக்கிற பலகையில இருந்து வந்த வாத்தியமாம் அது. 1987-ல கிளிஃப்டன் இறந்ததும் மகன் சி.ஜே. அந்த பேண்டை எடுத்து நடத்தினார். அவர் முதல்ல சாக்ஸபோன்காரர், அப்பாவோட பேண்டுல சேர்ந்த பிறகுதான் அக்கார்டியனுக்கு வந்தவர். இவ்வளவு தூரத்துல இருக்கிற குடும்பக் கதையை மூணு மணி நேரம் தேடிப் படிச்சேன். என் வீட்டுத் திண்ணையில இருக்கிறவர்கிட்ட ஒரு கேள்விகூடக் கேட்டதில்ல.

செமஸ்டர் லீவுல கேட்டேன். தாத்தா ஒண்ணும் சொல்லாம கூட்டை எடுத்துக் கொடுத்தார். தவில்ல வலந்தலையை வாசிக்க வலது கை விரல்கள்ல மாட்டுற தொப்பி மாதிரி ஒண்ணு, அதுக்குக் கூடுன்னு பேரு. இடது பக்கம் தொப்பி, அதுக்குக் கழி. ரெண்டே நாள்ல எனக்கு விரல் வீங்கிடுச்சு. 'தா தீ தொம் நம்'கூட ஒழுங்கா வரல.

மூணாவது நாள் அப்பா சீக்கிரம் வந்துட்டார். திட்டுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு, உள்ள போய் ஸ்பானர் எடுத்துட்டு வந்து ஒரு நட்டை இறுக்கினார். வலந்தலையைத் தட்டிப் பார்த்தார். இன்னும் கால் சுத்து. தோல் வார் கட்டியிருந்த தவிலை நட்டு போல்ட்டுக்கு மாத்தினதே அப்பாதானாம், அந்தக் கம்பியெல்லாம் அவரே லேத்துல கடைஞ்சதாம். இத்தனை வருஷத்துல எனக்குத் தெரியாது. தாத்தாதான் அப்புறம் சொன்னார்.

இந்தப் பொங்கலுக்கும் அதே செட்டுக்குத்தான் அட்வான்ஸ் கொடுத்திருக்காங்க. தாளம் போடுறவர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டதால ஆள் குறையுது. தாத்தா என்னைக் கூப்பிடல. நானாத்தான் கேட்டேன். தவிலுக்கு நான் இன்னும் ஆகல. அதனால அன்னைக்கு நான் ஜால்ராதான் போடப் போறேன். கிண்டல் பண்றவங்க இப்பவே பண்ணி முடிச்சுடுங்க, ஊர்வலத்துல எனக்குத் தாளம் தப்பக்கூடாது.