பெயர் மாற்றப் புகுந்த கதை

ஆதம் நபி (அலை) அவர்களுக்கு வல்ல இறைவன் பெயர்களைக் கற்பித்த செய்தியைத் திருமறையின் இரண்டாம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. பிள்ளை பிறந்த ஏழாம் நாளில் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுவதும் நம்மிடையே உள்ள வழக்கம். பெயரிடுதலை இத்துணை மதிக்கும் சமுதாயத்தில் பிறந்த யாம், 2014ஆம் ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் 212 கோப்புகளுக்குப் பெயர் மாற்றப் புகுந்து, அவற்றுள் சரிபாதியை இழந்தோம்.

காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் தம் பாட்டனாரின் அரபுத்தமிழ் நூலொன்றை எம்மை நம்பி இரண்டு நாள்களுக்குத் தந்திருந்தார். தமிழை அரபு வரிவடிவில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்கெனச் சில எழுத்துகளைக் கூட்டி எழுதும் முறையே அரபுத்தமிழ் என்பதைப் பெரியோர்க்குக் கூறவேண்டுவதில்லை. மாணவச் செல்வங்களுக்காகக் கூறினோம். கல்லச்சில் பதித்த அந்நூலின் தாள்கள் பழுத்து, விரல் பட்டால் உதிரும் நிலையில் இருந்தன. ஆதலின் வருடியில் கவிழ்க்காமல், புகைப்படக் கருவியால் பக்கம் பக்கமாகப் படமெடுத்தோம். படமெடுத்த மாணவர் தமிழ் நூலைத் திறக்கும் பழக்கத்தில் இடப்புறத்திலிருந்து தொடங்கிவிட்டார். அரபுத்தமிழோ வலமிருந்து இடம் செல்வது. முதற்படம் நூலின் கடைசிப் பக்கமாயிற்று. பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லைக் குறித்துவைத்திருந்தார்கள். அச்சொற்கள் பொருந்தாமை கண்டே விழித்தோம். அதற்குள் நூல் உரியவரிடம் சேர்ந்திருந்தது. கருவியின் நினைவட்டையும் துடைக்கப்பட்டிருந்தது.

கருவி இட்ட பெயர்களை நீக்கி 001 முதல் 212 வரை மூன்றிலக்கப் பெயர்களை முன்னரே ஒரே மூச்சில் இட்டிருந்தோம். (முன்னே சுழியம் இல்லையேல் கணிப்பொறி 10ஐ 2க்கு முன் நிறுத்திவிடும்.) அவ்வெற்றி தந்த துணிவே வினையாயிற்று. 213இலிருந்து பழைய எண்ணைக் கழித்தால் வருவதே புதிய எண் என, லினக்ஸின் கட்டளைவரியில் ஒரு சுழற்சியை எழுதி இயக்கினோம். திரை ஒன்றும் கூறவில்லை. யூனிக்ஸ் மரபில் மௌனம் வெற்றியின் அடையாளம். மகிழ்ந்தோம்.

கோப்புறையைத் திறந்தால் 106 கோப்புகளே இருந்தன.

பெயர் மாற்றவும் இடம் மாற்றவும் அங்கே 'எம்வி' என்னும் ஒரே கட்டளைதான். புதிய பெயரில் வேறொரு கோப்பு ஏற்கெனவே இருந்தால், நாம் தடுத்து வைத்தாலன்றி, அதனை அழித்துவிட்டே இது குடியேறும். விண்டோஸின் 'ரென்' அவ்வாறன்று. அப்பெயர் உள்ளதென்று மறுத்துவிடும். 001 என்பது 212 ஆனபோதே பழைய 212 மறைந்தது. 002 சென்று 211ஐ விழுங்கியது. நடுவைக் கடந்ததும், விழுங்கியவை யாவும் வந்த வழியே திரும்பித் தத்தம் பழைய பெயர்களையே பூண்டன. எஞ்சியவற்றில் ஒன்றுக்கும் பெயர் மாறவில்லை. தொலைந்தது இறைவாழ்த்தும் நபிவாழ்த்தும் அடங்கிய நூலின் முற்பாதி. கருவி இட்ட பெயரிலிருந்து நேரே தலைகீழ் எண்ணுக்கு மாற்றியிருந்தால் ஒரு கோப்பும் மோதியிராது என்னும் அறிவு மறுநாள்தான் வந்தது.

அப்பெரியவரின் வாயிலில் மீண்டும் நின்றபோது எமக்கு நா எழவில்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை. "உள்ளே வாங்க வாப்பா, இந்தத் தடவை நானே புரட்டித் தாரேன், நீங்க தொட வேண்டாம்" என்றார். கடிந்திருந்தால் இலேசாக இருந்திருக்கும். அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி மஃரிபுக்குள் முடித்தோம். அவர் எத்துணை மெல்லப் புரட்டியும் 17ஆம் பக்கத்தின் ஓரம் ஒடிந்து, அடிச்சொல்லோடு அவர் மடியில் விழுந்தது. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரு தாள்களுக்கிடையே வைத்து மூடினார்.

அன்றிரவு வேறுவேறு இரு வட்டுகளில் படியெடுத்த பின்னரே விசைப்பலகையைத் தொட்டோம். 'எக்கோ' என்பதை முன்னிட்டால் கட்டளை இயங்காமல் திரையில் எழுத்தாக மட்டும் வரும். அவ்வாறு வரவழைத்து வரி வரியாகப் படித்தோம். மோதலுக்கு இடமில்லை எனத் தெரிந்தும், பழைய 106 கோப்புகளுக்கும் முதலில் ஒரு தற்காலிக முன்னொட்டை இட்டு, அடுத்த சுற்றிலேயே உரிய எண்ணைக் கொடுத்தோம். இருக்கும் கோப்பின்மேல் எழுதாதே எனத் தடுக்கும் 'என்' குறியையும் எம்வியோடு சேர்த்தோம். பின்னர் 212 பக்கங்களின் அடிச்சொற்களையும் ஒப்புநோக்கினோம். 17ஆம் பக்கத்துக்குரிய கோப்பின் பெயரில் மட்டும், எண்ணுக்குப் பின் 'ஓரமில்லை' என ஒரு சொல்லைக் கையாலேயே தட்டிச் சேர்த்தோம்.