விளக்கு இடம் மாறிய ஊர்

சாந்தோம் பக்கம் வளர்ந்த எங்களுக்கு லைட் ஹவுஸ்தான் அடையாளம். 'லைட் ஹவுஸ் ஸ்டாப்புல இறங்கி நட' என்றால் போதும், யாரும் வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய முக்கோணக் கோபுரம். இருட்டியதும் மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அந்த ஒளி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்ப்போம். நொச்சிக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் வலையில் சிக்கெடுத்தபடியே சொன்னார்: "ஒவ்வொரு ஊரு லைட்டும் ஒவ்வொரு கணக்குல அடிக்கும் தம்பி. அந்தக் கணக்கை வெச்சே எந்தக் கரைன்னு சொல்லிடலாம்."

தாத்தாவுக்கோ லைட் ஹவுஸ் என்றால் ஐகோர்ட்தான். பாரிமுனையில் குமாஸ்தாவாக இருந்தவர். ஐகோர்ட்டின் உயர்ந்த கோபுரத்தில் 1894இல் ஏற்றிய விளக்கு, 1977இல் எங்கள் மெரினா கோபுரத்துக்கு வரும்வரை அங்கேதான் எரிந்தது. ஒருநாள் என்னை அந்த வளாகத்துக்குக் கூட்டிப்போய், தனியாக நின்ற கருங்கல் தூண் ஒன்றைக் காட்டினார். கிரேக்கக் கோயில் தூண் மாதிரி, 125 அடி உயரம். "கோபுரத்துக்குப் போறதுக்கு முந்தி விளக்கு இதும் மேலதான்டா இருந்தது" என்றார். அது 1844இல் ஏற்றியது. அதற்கும் முன்னால், 1796இல், கோட்டைக்குள் இன்று மியூசியமாக இருக்கும் கட்டிடத்தின் உச்சியில் தேங்காய் எண்ணெய் விளக்கு எரிந்திருக்கிறது.

அன்றைய மதராஸில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் ஏறி அலையைத் தாண்டித்தான் கரை சேர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை அறையும்போது தையல் வளைந்து கொடுக்கும், படகு உடையாது. இரவில் வரும் கப்பலுக்கோ, ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்ல அந்த எண்ணெய் விளக்கை விட்டால் வேறு துணையில்லை.

பல வருடம் பூட்டிக் கிடந்த மெரினா கோபுரத்தைப் பொதுமக்களுக்கு 2013இல் மறுபடி திறந்துவிட்டார்கள். லிஃப்டில் மேலே போய் நின்றால் ஒருபுறம் குப்பத்துப் படகுகளும் சாந்தோம் தேவாலயமும், மறுபுறம் கடலும் தெரியும். ஐகோர்ட்டுக்கு வாய்தாவுக்காகப் போகிறவர்களும் ஒரு நிமிடம் நின்று அந்தக் கருங்கல் தூணை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கோட்டை, தூண், ஐகோர்ட், மெரினா என்று நான்கு இடம் மாறியும், எண்ணெயிலிருந்து மின்சாரத்துக்கு வந்தும், இந்த ஊர் விளக்கை ஏற்றியது முகம் தெரியாத யாரோ ஒருவர் பத்திரமாகக் கரை சேரத்தான். என் ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு இது ஒன்றே போதும்.