சுட்டிய விரல்

திருபுவனை கல்விக்குப் பேர்போன பழைய ஊர். இராசாதிராச சோழன் காலத்தில், 1048இல், 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி இங்கே நடந்ததைக் கோயிற் கல்வெட்டுச் சொல்கிறது. அவ்வூரில் நான் கற்ற முதற்பாடமோ தலைகுனிய வைப்பது.

1978ஆம் ஆண்டு, எனக்கு வயது பன்னிரண்டு. அத்தா லுஹர் தொழுகைக்குச் சென்றிருந்தார். மளிகைக் கடையில் நான் மட்டும் இருந்தேன். அவர் திரும்பிவந்து கல்லாப் பெட்டியைத் திறந்தபோது முந்நூறு ரூபாயைக் காணவில்லை. "யாரெல்லாம் வந்தார்கள்?" என்றார். ஐந்தாறு பேர் வந்து போயிருந்தனர். என் விரலோ, ஊரோரம் கூடாரமடித்துப் பாசிமணி விற்றோரின் சிறுவன் ஒருவனை நோக்கியே நீண்டது. அவன் வெல்லம் வாங்க வந்தவன். காசு கொடுத்தே வாங்கினான். ஊரார் அவனை வேப்பமரத்தில் கட்டி அடித்தனர்.

மூன்றாம் நாள் பணம் கிடைத்தது. கொள்முதலுக்கென அத்தாவே அதைப் பேரேட்டில் செருகிவைத்து மறந்திருந்தார். பதறிப்போய்க் கூடாரங்களை நோக்கி ஓடினார். அங்கே அடுப்புக் கற்கள் மட்டுமே கிடந்தன.

1987இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படிக்கச் சேர்ந்தேன். "போலீசு வேலைக்கா?" என்று உறவினர் கேட்டனர். எனக்கும் அதற்குமேல் தெரியாது. சாகர் பல்கலைக்கழகத்தில் 1959இலேயே தொடங்கிய இக்கல்வி, சென்னையில் 1983இல்தான் தனித்துறையாயிற்று. கள்வனைப் பிடிப்பது அதன் பணியன்று. குற்றம் ஏன் நிகழ்கிறது, சமுதாயம் அதனை எவ்வாறு எதிர்கொள்கிறது என்று ஆராய்வதே அதன் பணி.

குற்றவாளிகள் பிறவியிலேயே அவ்வாறு அமைந்தவர்கள். மண்டையோடும் தாடையுமே அதைக் காட்டிக்கொடுக்கும் என்று இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876இல் எழுதினார். சார்லஸ் கோரிங் ஏறத்தாழ மூவாயிரம் ஆங்கிலேயக் கைதிகளை ஆராய்ந்து, அப்படியொரு தனி உடலமைப்பே இல்லையென்று 1913இல் நிறுவினார். மண்டையோட்டுக் கதை எனக்குச் சிரிப்பூட்டியது.

அடுத்த பாடத்தில் அச்சிரிப்பு அடங்கிற்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், பல சமூகத்தாரைப் பிறப்பாலேயே ஐயத்திற்குரியோராக்கியது. 1911இல் அது சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. கைரேகை பதிக்க மறுத்த பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3ஆம் நாள், 16 பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடெங்கும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்தது.

அது ஆங்கிலேயரின் சட்டம். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த திருபுவனையை அது தீண்டியதேயில்லை. ஆயினும், ஒழிந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னரும், ஒரு சிறுவனின் விரல் நுனியில் அது உயிரோடிருந்தது. எனக்கு யாரும் அதைக் கற்பிக்கவில்லை. பெரியவர்களின் பேச்சிலிருந்து நானாகவே பொறுக்கிக்கொண்டேன். அன்று வகுப்பில் குனிந்த தலையை நான் நிமிர்த்தவில்லை.

திருவிழாக் கூட்டங்களில் பாசிமணி விற்போரின் முகங்களை அத்தா தம் இறுதிக் காலம்வரை தேடினார். அந்த முந்நூறு ரூபாயைச் செலவிடாமல் தனியே முடிந்து வைத்திருந்தார். அம்முடிச்சு இன்று என்னிடம் இருக்கிறது.