வானவன்மாதேவி ஈச்சரமும் ஒரு பெரும்பள்ளியும்

பெரும்போக வெள்ளாமை வெட்டி, பசளைக் கடனும் மெசின் கூலியும் கொடுத்து முடிந்த பிறகு, இரண்டு நாள் எங்கேயாவது போய்வரலாம் என்றார் வாப்பா. தம்பி நுவரெலியா கேட்டான். உம்மாவுக்குக் கண்டி. நான் பொலன்னறுவை என்றேன். என் பக்கத்தில் பலமான நியாயம் ஒன்றுதான் இருந்தது: கதுருவெலையில் மாமி வீடு இருக்கிறது, தங்குவதற்குக் காசு வேண்டாம். கணக்குப் பார்த்த வாப்பா உடனே என் கட்சிக்கு வந்துவிட்டார்.

எனக்கு அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு இருந்தன. ஒன்று, சோழர் காலத்துச் சிவன் கோயில். இன்னொன்று, ஒரு சொல். உயர்தரத்துக்குத் தமிழ் படிப்பதால் பேராசிரியர் சி. பத்மநாதனின் 'இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள்' என்ற நூலை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். பொலன்னறுவையில் வேளைக்காரர் என்ற தமிழ்ப் படையினர் நிறுத்திய கல்வெட்டு ஒன்று உண்டு. புத்தரின் தந்தம் வைக்கப்பட்டிருந்த மாளிகைக்கு அவர்கள் தங்கள் பெயரையே இட்டிருக்கிறார்கள்: மூன்றுகைத் திருவேளைக்காரன் தலதாய்ப் பெரும்பள்ளி.

பள்ளி என்றால் நமக்குத் தொழும் இடம். ஜும்ஆவுக்கு வாப்பாவும் தம்பியும் போகும் இடம். கல்முனைக்குடியில் கடலோரம் கொடியேறும் இடத்துக்குப் பெயரே கடற்கரைப் பள்ளி. அந்தச் சொல்லைப் பௌத்தர்களின் புனித மாளிகைக்குத் தமிழ்ப் படைவீரர்கள் வைத்து, கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள் என்றால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? பெயரைக் கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டேன்.

மூத்தம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ரெண்டு நாள் லீவு கிடைச்சும் கோயில் பாக்கவா போறிய?" என்று கேட்டா. கும்பிடப் போகவில்லை, பார்க்கத்தான் போகிறோம் என்றேன். "பாக்கிறதுக்கு நம்மட ஊர்ல கல்லு இல்லையா?" என்றா.

அது வெறும் பேச்சு இல்லை. எங்கள் பிரதேசத்து மாயக்கல்லி மலையில் 2016இல் புத்தர் சிலை வைக்கப்பட்டபோது நான் ஐந்தாம் வகுப்பு. பெரியவர்கள் வாசலில் கூடிக்கூடிப் பேசியது நினைவிருக்கிறது. அன்றிலிருந்து தொல்பொருள் என்ற சொல் எங்கள் வீட்டில் படிப்பு சம்பந்தமான சொல் இல்லை. காணி சம்பந்தமான சொல். ஒரு பழைய கல் கண்டெடுக்கப்பட்டால், அது எந்தக் காலத்தது என்று கேட்பதற்கு முன் அது யாருடையது என்றுதான் நாங்கள் கேட்கப் பழகியிருக்கிறோம்.

சுபஹ் தொழுத கையோடு புறப்பட்டோம். கல்முனையிலிருந்து கொழும்பு பஸ். இடியப்பமும் சம்பலும் பொரித்த மீனும் உம்மாவின் பையில் இருந்ததால் வழியில் செலவு வெறுந்தேத்தண்ணிக்கு மட்டும். மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும்போது, பழைய இரும்புப் பாலத்தை வாப்பா காட்டினார். 2007இல் புதிய பாலம் திறக்கும் வரை ரயிலும் பஸ்ஸும் அந்த ஒரே பாலத்தில்தான் மாறிமாறிப் போனதாம்.

மறுநாள் காலை ஓட்டோ ஒன்று பேசி இடிபாடுகளைப் பார்க்கக் கிளம்பினோம். வெளிநாட்டவருக்கு டொலர் கணக்கில் டிக்கெட். அந்தச் சுமை நமக்கில்லை. ஆனால் முதல் ஒரு மணி நேரம் பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டிலேயே போய்விட்டது. சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரில் வெள்ளாமை செய்கிற வாப்பாவுக்கு, 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு கட்டிய குளம் இன்றும் வயலுக்குப் பாய்கிறது என்பதுதான் அதிசயம். கோயில், தாதுகோபம் எல்லாவற்றையும்விட அவருக்கு அந்த நீரே போதும். அணையில் நின்ற ஒரு சிங்கள விவசாயியோடு அரைகுறைச் சிங்களத்தில் மதகு, வாய்க்கால், இந்தப் போகத்து நெல்விலை என்று பேச்சு நீண்டது. நெல்விலையைப் பற்றி இருவரும் ஒரே மாதிரித்தான் திட்டினார்கள்.

அரண்மனை இடிபாட்டைத் தாண்டி முதலில் வருவது முதலாம் இலக்கச் சிவன் கோயில். இது பாண்டியர் பாணியில் 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. கூரை இல்லை. ஆனால் சுவர்க் கற்களைப் பொருத்தியிருக்கும் விதத்தைப் பார்த்தால் கை தானாக அந்த இணைப்பைத் தடவப் போகும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் நடந்த அகழ்வுகளில் அருமையான வெண்கலப் படிமங்கள் கிடைத்தன. அவற்றில் காரைக்கால் அம்மையாரின் படிமத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன்: எலும்பும் தோலுமான உடம்பு, கையில் தாளம், முகத்தில் ஒரு சிரிப்பு. பாடத்தில் வருகிற அந்தப் புலவர் நம் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டத்து மண்ணுக்குள் இத்தனை நூற்றாண்டு இருந்திருக்கிறார். அவருடைய காரைக்காலுக்குப் பக்கத்து ஊர்தான் நாகூர் என்று உம்மாவிடம் சொன்னேன். அதன் பிறகுதான் உம்மா அந்தக் கோயிலைச் சரியாகப் பார்த்தார்.

அடுத்தது, படியேறிப் போகும் சதுர முற்றம். வட்டதாகே, அட்டதாகே, ஹெட்டதாகே எல்லாம் நெருக்கமாக அங்கேதான். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுகல்லில் தாண்டித் தாண்டி நடந்தோம். எல்லாரும் நிசங்கமல்லனின் பெரிய கற்புத்தகத்தைச் சூழ்ந்து நின்றார்கள். நான் கொப்பியோடு அட்டதாகேப் பக்கம் போனேன். வேளைக்காரர் கல் அங்கே இருக்கிறது. அதன் தொடக்கம் கிரந்த எழுத்தில் வடமொழி, பிறகு தமிழ்.

தமிழ் என்று சொல்லிவிடலாம். வாசிப்பது வேறு கதை. மழையும் வெயிலும் தின்ற எழுத்துகள். புள்ளிகள் கிடையாது. ப தெரிந்தது, ட தெரிந்தது, ம தெரிந்தது. தம்பி தண்ணீர்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, "இது ர, இது ன" என்று விளையாட்டாகத் தொடங்கி, பிறகு என்னைவிட மும்முரமாகிவிட்டான். அரை மணி நேரம் தேடியபின் ஓரிடத்தில் பகரமும் அடுத்தடுத்து இரண்டு ளகரமும் போலத் தெரிந்தன. அந்தச் சொல்தான் அது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "பள்ளி" என்றோம்.

இந்தக் கல்வெட்டு சொல்வது இதுதான். சோழரை 1070இல் இந்தத் தலைநகரை விட்டுத் துரத்தியவன் முதலாம் விஜயபாகு. அவனுடைய ஆணைப்படி தேவன் என்ற சேனாபதி தந்தத்துக்கு ஒரு மாளிகை கட்டினான். அந்த அரசன் காலமான பின், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதற்குக் காவல் வேண்டியிருந்தது. பிக்குகள் கேட்டுக்கொள்ள, வேளைக்காரப் படையினர் தங்கள் முதியோரான வளஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டி, தங்கள் வம்சம் உள்ளவரை, தாங்கள் அழிந்தாலும் இந்தப் பள்ளியையும் இதன் ஊர்களையும் இதில் அடைக்கலம் புகுந்தவர்களையும் காப்போம் என்று வாக்குக் கொடுத்துக் கல்லில் வெட்டினார்கள். இதே படையினர்தான், சோழரை எதிர்த்துப் போருக்குப் போக மாட்டோம் என்று விஜயபாகுவுக்கு எதிராக ஒருமுறை கலகம் செய்து அரண்மனையைக் கொளுத்தியவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல்வெட்டு அதைச் சொல்லாது. சூளவம்சம் சொல்லும்.

வானவன்மாதேவி ஈச்சரம் இன்னும் வடக்கே, பபலு விகாரையைத் தாண்டி மரநிழலில், வீதி முடிகிற இடத்தில் நிற்கிறது. ஓட்டோவிலிருந்து இறங்கியதும் உம்மா, "இதுக்கா இந்தளவு தூரம்?" என்றார். சின்னக் கோயில்தான். பக்கத்துத் தாதுகோபங்களின் முன்னே ஒரு பெட்டி போல இருக்கும். ஆனால் பொலன்னறுவையில் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது இது என்பர். அரசர்களின் ஏழுமாடி அரண்மனை செங்கல்லானதால் சரிந்து கிடக்கிறது. முழுக்கவும் கல்லான இது சிகரத்தோடு அப்படியே நிற்கிறது. கர்ப்பக்கிருகத்துக்குள் லிங்கம் இன்னும் இருக்கிறது. முன்மண்டபத்தின் அடித்தளமும் உடைந்த நந்திகளும் வெளியே.

993இல் ராஜராஜனின் படை அனுராதபுரத்தைப் பிடித்தது. தலைநகரம் இங்கே மாறி, ஜனநாதமங்கலம் என்ற பெயரும் பெற்றது. வானவன்மாதேவி என்பது ராஜராஜனின் தாயின் பெயரும் கூட. கணவன் சுந்தரசோழன் இறந்தபோது பிள்ளையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறியவர் என்று சோழர் சாசனங்கள் சொல்கின்றன. இதை உம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பால்குடிப் புள்ளையா?" என்று மட்டும் கேட்டார். அரசர்கள், ஆண்டுகள், போர்கள் எதுவும் உம்மாவைத் தொடவில்லை. அந்தப் பிள்ளை தொட்டது.

அதற்காகச் சோழரை நான் நம்மவர்களாகத் தூக்கிப்பிடிக்கப் போவதில்லை. அவர்கள் பிடித்து ஆள வந்தவர்கள். ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருமானம் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனதை அந்தக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. ஐந்தாம் மகிந்தன் 1017இல் சிறைபிடிக்கப்பட்டுச் சோழநாட்டிலேயே இறந்தான். வாப்பாவின் பாஷையில் சொன்னால், நம் வட்டையில் விளைந்த நெல் இன்னொருவன் களஞ்சியத்துக்குப் போன கதை.

நாங்கள் படியருகே நின்றபோது ஒரு சிங்களக் குடும்பம் வந்தது. கர்ப்பிணி மகளோடு தாய். வெள்ளைப் பூக்களை லிங்கத்தின் முன் வைத்து விளக்கேற்றினார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் தங்கள் தலைநகரைப் பிடித்தவர்கள் கட்டியது என்ற எண்ணமெல்லாம் அந்தத் தாயின் முகத்தில் இல்லை. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும், அவ்வளவுதான். வெளியே வந்தவர் எங்கள் அபாயாவைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, பிறகு சிரித்து, சுவரிலிருந்த எழுத்தைக் காட்டி, இது என்ன மொழி, வாசிக்கத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். தமிழ் என்றேன். இரண்டு மூன்று எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். எழுத்தை அவர் மகளும் தடவிப் பார்த்தாள். நாங்கள் உள்ளே போகவில்லை. தம்பி மட்டும் வாசலில் எட்டிப்பார்த்து, "உள்ளுக்குச் சரியான குளிர்" என்றான்.

கல் விகாரை வரை போய்த் திரும்பும்போது அஸர் நேரம் தொடங்கியிருந்தது. மாமி வீட்டில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். மாமாவின் சொந்த ஊர் பள்ளித்திடல், சிங்களத்தில் பள்ளியகொடல்ல. 1992 ஒக்டோபரில் அந்த ஊரில் நடந்த படுகொலையில் அவருடைய வீட்டார் இருவர் போனார்கள். வெட்டியவர்கள் பேசியது தமிழ். மாமாவும் தமிழ்தான் பேசுவார், ஆனால் தமிழ்ப் பெருமை பேசும் இடத்தில் இருக்க மாட்டார், எழுந்து போய்விடுவார். அதனால் நான் கல்வெட்டைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தம்பி சொல்லிவிட்டான்.

"பெரும்பள்ளி" என்று மெதுவாக வாசித்தார். "எங்கட ஊரும் பள்ளிதான் மகள்" என்றார். பிறகு, அடைக்கலம் புகுந்தவர்களையும் காப்போம் என்று நான் குறித்திருந்த வரியில் விரலை வைத்துக் கேட்டார்:

"எழுதி வெச்சாங்க, சரி. காத்தாங்களா?"

தெரிந்ததைச் சொன்னேன். நூறு வருடம் கழித்து, 1215இல், கலிங்கத்து மாகன் தமிழ், கேரளப் படைகளோடு வந்து பொலன்னறுவையைச் சூறையாடினான். பிக்குகள் தந்தத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கொத்மலைக் காட்டில் ஒளித்து வைத்தார்கள்.

மாமா தலையை ஆட்டினார். "தூக்கிக்கொண்டு ஓட நேரம் கிடைச்சிரிக்கி" என்றார். கொப்பியை மூடவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி, நானும் தம்பியும் கல்லைப் பார்த்து வரைந்திருந்த எழுத்துகளைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். "இது என்ன, ளவா?" என்றார்.