வெள்ளிமலை வழியில் ஒரு சக்கரம்

கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்தபின், பழைய மாணவராகிய யாம் நால்வர் சென்ற கோடையிற் கள்ளக்குறிச்சியிற் கூடி, கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலைக்குப் பிரயாணமானோம். எம்மிடம் இரண்டு பழைய மோட்டார் வண்டிகள் இருந்தன. ஒன்று நிசான் மைக்ரா. மற்றொன்று ரெனால்ட் பல்ஸ். முன்னது 2010-ஆம் ஆண்டிலும் பின்னது 2012-ஆம் ஆண்டிலும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. இரண்டும் சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஒரே ஆலையிற் பிறந்தவை. முகப்பும் பெயரும் வேறு, உடல் ஒன்றே. ஆயினும் அவற்றிற்கு உடைய நண்பர் இருவரும் தத்தம் வண்டியே சிறந்ததெனக் கச்சிராயபாளையம் வரையில் ஓயாது வாதித்து வந்தனர்.

கோமுகி அணையைக் கடந்து மலையேறுங்கால், முன்சென்ற வண்டியின் டயரைக் கூரிய கல்லொன்று கிழித்துவிட்டது. ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தோம், அதிலும் காற்றில்லை. அது எம் அசிரத்தையேயன்றிப் பிறர் குற்றமன்று. பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. நண்பரின் முதிய அன்னையாரும் அவ்வண்டியில் இருந்தமையின் எம் கலக்கம் பெரிதாயிற்று. அவ்வேளை மற்றை நண்பர், ஒரு சொல்லும் உரையாது, தம் வண்டியின் ஸ்டெப்னியை உருட்டி வந்தார். துளைகள் நான்கும் இம்மியும் பிசகாது பொருந்தின.

அன்றிரவு வெள்ளிமலையில் இதனைப் பற்றியே பேசினோம். ஒரே வண்டிக்கு இரு பெயரிடுவது ஒரு வகை. அடித்தளத்தை மட்டும் பகிர்ந்து, அதன்மேல் வெவ்வேறு உடல்களை அமைப்பது மற்றொரு வகை. சிறு வண்டிகளில் எஞ்சின் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களையே இயக்குகின்றது. பின்சக்கரங்களுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு வேண்டாமையின், அடித்தளத்தின் பின்பகுதியை நீட்டுதல் எளிதாகின்றது. 2015-இல் வந்த க்விட் வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம் 2422 மில்லிமீட்டர். அதன் அடித்தளத்தையே திருத்தி 2019-இல் வெளியிட்ட ட்ரைபரில் அது 2636 மில்லிமீட்டர். முன்னதில் ஐவர்க்கு இடம், பின்னதில் எழுவர்க்கு. 2016-இல் வந்த டாட்சன் ரெடி-கோவும் க்விட்டின் அடித்தளத்தைப் பகிர்ந்ததே. ஒருமுறை செய்த செலவு பல வண்டிகளுக்குப் பங்கிடப்படுவதால், நடுத்தரக் குடும்பத்தார்க்கும் வண்டி எட்டும் விலையில் கிடைக்கின்றது.

ஆயின், பகிர்வோர் நன்மையை மட்டும் பகிர்தல் இயலாது. 2016 அக்டோபரில், க்விட், ரெடி-கோ ஆகிய இரண்டிலும் ஒரு பகுதி வண்டிகள் எரிபொருள் அமைப்பின் சோதனைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. ஓரிடத்துக் குறை ஈரிடத்தும் தோன்றுமன்றோ? ஆதலின் பொதுவான உறுப்பை இருமடங்கு கவனத்துடன் செய்தல் வேண்டும்; பொதுவென்பதை வாங்குவோர்க்கு ஒளியாது உரைத்தலும் வேண்டும்.

மறுநாள் மலையிறங்குகையில் எவ்வண்டி சிறந்ததென்னும் வாதம் எழவில்லை. கள்ளக்குறிச்சியை அடைந்ததும் புதிய டயர் வாங்கி, இரவற் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தோம். பின்னர் இரண்டு ஸ்டெப்னிகளுக்கும் காற்றடைத்த பிறகே காப்பி அருந்தச் சென்றோம்.